காயம்பட்ட வாட்சனும் பிளவுபட்ட நாடும்

ஷெர்லாக் ஹோம்ஸைத் தன் காலத்துக்குக் கொண்டுவர நினைக்கும் எழுத்தாளர் முதலில் ஒரு போரைத் தேடவேண்டியிருக்கிறது. ஹோம்ஸுக்குப் போர் தேவையில்லை, வாட்சனுக்குத் தேவை. ஆர்தர் கோனன் டாயில் 1887-இல் வெளியான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ நாவலில் வாட்சனை ஆப்கானியப் போரிலிருந்து லண்டனுக்கு அழைத்துவந்தார். பிபிசி 2010-இல் ‘ஷெர்லாக்’ தொடரைத் தொடங்கியபோது அந்த இடத்தை மாற்றவே வேண்டியிருக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பிறகு பிரிட்டிஷ் ராணுவம் மறுபடியும் ஆப்கானிஸ்தானில்தான் இருந்தது. 2013-இல் வந்த ‘வாட்சன் அண்ட் ஹோம்ஸ்’ என்ற அமெரிக்கச் சித்திரக்கதை இருவரையும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பின இளைஞர்களாக்கியது. 2018-இல் ஜப்பானில் தயாரான ‘மிஸ் ஷெர்லாக்’ தொடரில் வாட்சன் ஒரு பெண் மருத்துவர், சிரியாவிலிருந்து திரும்புபவர்.

இவற்றில் வரும் போர்களெல்லாம் தொலைதூரத்தவை. காயத்தோடு திரும்பி வருகிறவருக்கு வீடு என்று ஒன்று அப்படியே இருக்கிறது. அதே 2018-இல் கிளேர் ஓ’டெல் எழுதிய ‘எ ஸ்டடி இன் ஹானர்’ இந்த ஏற்பாட்டை உடைத்தது. கதை நடப்பது எட்டிப்பிடிக்கும் தொலைவில் உள்ள எதிர்காலத்து அமெரிக்காவில். இரண்டாவது உள்நாட்டுப் போர் மூண்டிருக்கிறது. ‘புதிய கூட்டமைப்பு’ என்ற பெயரில் ஒரு தரப்பு ஆயுதம் ஏந்தியிருக்கிறது. அறுவைசிகிச்சை மருத்துவரான ஜேனட் வாட்சன் கறுப்பினப் பெண். அவருடைய இடது கையைப் பறித்தவர்கள் அவருடைய சொந்த நாட்டவர். வீடே போர்க்களமாகிவிட்ட பிறகு அவர் எங்கே திரும்புவார்? துப்பறியும் கதை என்ற வடிவம் அந்த வீட்டில் உயிரோடு இருக்குமா? இரண்டாவது கேள்வி ஓ’டெல்லுக்கு மட்டும் உரியதல்ல. டாயில் முதல் இன்றுவரை பலர் அதில் மோதியிருக்கிறார்கள். அவர்களில் சிலரை வரிசையாகப் பார்த்தால்தான் இந்த நாவலின் இடம் விளங்கும்.

டாயிலின் வாட்சனை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். அவர் காயம்பட்டது 1880 ஜூலை 27 அன்று மைவாண்ட் போரில். அயூப் கானின் படையிடம் பிரிட்டிஷ் தரப்பு தோற்று, ஏறக்குறைய ஆயிரம் பேர் மாண்ட நாள் அது. அந்தப் படையில் பெரும்பகுதி பம்பாய் ராணுவத்து இந்திய வீரர்கள். வாட்சன் அவர்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தோளில் குண்டு, பெஷாவர் மருத்துவமனையில் குடற்காய்ச்சல், கப்பல், பிறகு லண்டன். அரசு அவருக்கு ஒன்பது மாதம் விடுப்பும் நாளொன்றுக்குப் பதினொன்றரை ஷில்லிங்கும் கொடுத்தது. விடுதி வாடகைக்கே அது போதவில்லை. அறையைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடியது அதனால்தான். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற துப்பறியும் நட்பு ஓய்வூதியப் பற்றாக்குறையில் பிறந்தது. அரசின் போருக்குத் தன் உடலைக் கொடுத்த ஒருவரை அரசு ஒரு தொகையாக மாற்றிக் கைகழுவுகிறது என்ற செய்தி ஹோம்ஸ் கதைகளின் முதல் சில பக்கங்களிலேயே இருக்கிறது. டாயில் அதைத் தொடரவில்லை. அவர் பேரரசை நம்பியவர்; 1900-இல் தென்னாப்பிரிக்கப் போர்க்கள மருத்துவமனையில் வேலை செய்துவிட்டு, அந்தப் போரை ஆதரித்தே எழுதியவர்.

ஓ’டெல் பிடித்துக்கொண்டது கைவிடப்பட்ட அந்த இழையைத்தான். ஜேனட் வாட்சன் வாஷிங்டனுக்கு வருவது ஒரே நோக்கத்தோடு. ராணுவம் அவருக்குப் பொருத்திய செயற்கைக் கை வேறொருவர் அளவுக்குச் செய்தது. அது சொன்னபடி கேட்பதில்லை. நல்ல கை கிடைத்தால் மறுபடியும் அறுவைசிகிச்சை செய்யலாம். கிடைக்காவிட்டால் அவர் கற்ற தொழில் அவருக்கு இல்லை. எனவே முன்னாள் ராணுவத்தினர் நலத்துறையின் மருத்துவமனை வாசலில் காத்திருக்கிறார், விண்ணப்பம் எழுதுகிறார், பதிலுக்காக நிற்கிறார். கடைசியில் அதே மருத்துவமனையில் தன் தகுதிக்கு மிகக் கீழான உதவியாளர் வேலையை ஏற்கிறார்.

இந்தப் பக்கங்கள் கற்பனையாகத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. 2014-இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில், இதே துறையின் மருத்துவமனையில், சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களின் பெயர்களை அதிகாரபூர்வக் கணக்கில் காட்டாமல் மறைத்திருந்தது வெளியே வந்தது. அந்தத் துறையின் செயலாளர் எரிக் ஷின்செகி பதவி விலக நேர்ந்தது. போர் இல்லாத ஊரிலேயே இப்படி என்றால், உள்நாட்டுப் போர் நடக்கும்போது எப்படி இருக்கும் என்று ஓ’டெல் ஓரடி தள்ளிப் பார்த்திருக்கிறார். நாவலின் மர்மமும் அந்த மருத்துவமனைக்குள்ளிருந்தே முளைக்கிறது. வாட்சன் கவனித்துவந்த ஒரு பெண் வீரர் எதிர்பாராமல் இறந்துபோகிறார். அவருடைய பதிவேடுகள் சரியாக இல்லை. யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

வாட்சன் கையை இழந்த ஊரைத் தேர்ந்ததிலும் கவனம் தெரிகிறது. இலினாய் மாநிலத்தின் ஆல்டன், மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர். ஆற்றுக்கு அக்கரை மிசௌரி, ஒருகாலத்தில் அடிமைமுறை இருந்த மாநிலம். அடிமைமுறையை எதிர்த்துப் பத்திரிகை நடத்திய எலைஜா லவ்ஜாயை 1837 நவம்பர் 7 அன்று ஒரு கும்பல் கொன்றது ஆல்டனில்தான். 1858 அக்டோபரில் ஆபிரகாம் லிங்கனும் அவருடைய தேர்தல் எதிராளி ஸ்டீபன் டக்ளஸும் அடிமைமுறை குறித்த தங்கள் ஏழாவது, கடைசி விவாதத்தை நடத்தியதும் அங்கேயே. எதிர்காலக் கதைக்கு வாசல் போட ஓ’டெல் இவ்வளவு பழைய காயத்தைத் தேர்ந்ததால்தான் அவருடைய போர் வானத்திலிருந்து விழுந்ததாகத் தெரியவில்லை.

இனி அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம். துப்பறியும் கதை ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. கடைசி அத்தியாயத்தில் துப்பறிபவர் எழுந்து நடந்ததைச் சொல்வார். அறையில் உள்ள அனைவரும் அது உண்மை என்று ஏற்பார்கள். கொலையாளி தலைகுனிவார், காவல்துறை கைதுசெய்யும், மீதியை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். சாட்சியம் என்றால் என்ன என்பதில் கொலையாளிக்கும் துப்பறிபவருக்கும்கூட ஒரே கருத்துதான். பிளவுபட்ட நாட்டில் முதலில் அழிவது இந்தப் பொது ஒப்புதல். உண்மையைக் கண்டுபிடிக்கலாம், சொல்லவும் சொல்லலாம். கேட்பவர்களில் பாதிப்பேர் அதைச் சொன்னது யார் என்று மட்டுமே பார்ப்பார்கள்.

டாயிலே இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார். 1891-இல் வந்த ‘தி ஃபைவ் ஆரஞ்ச் பிப்ஸ்’ கதை அமெரிக்க உள்நாட்டுப் போரின் எச்சத்தை ஹோம்ஸின் வாசலில் கொண்டுவந்து வைக்கிறது. தென்பகுதிப் படைக்காகப் போரிட்ட ஓர் ஆங்கிலேயர், கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை கொடுத்தது பிடிக்காமல் இங்கிலாந்துக்குத் திரும்புகிறார். கு க்ளக்ஸ் கிளான் என்ற கொலைகாரக் கூட்டம் அவரையும் அவர் குடும்பத்தையும் பின்தொடர்கிறது. ஹோம்ஸிடம் உதவி கேட்டுவந்த இளைஞன் அன்றிரவே கொல்லப்படுகிறான். கொலையாளிகள் யார், எந்தக் கப்பலில் போகிறார்கள் என்பதை ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனால் கப்பல் கடலில் மூழ்கிவிடுகிறது. ஒருவரும் கூண்டில் ஏறுவதில்லை. அந்தக் கூட்டத்தால் அமெரிக்காவில் செத்த கறுப்பினத்தவரில் ஒருவருக்கும் கதையில் முகம் இல்லை. இரண்டே ஆண்டுகளில் ‘தி யெல்லோ ஃபேஸ்’ கதையில் கலப்பு மணத்தில் பிறந்த கறுப்பினக் குழந்தையை ஓர் ஆங்கிலேயர் தூக்கி அணைத்துக்கொள்வதாக எழுதிய அதே டாயில், 1926-இல் ‘தி த்ரீ கேபிள்ஸ்’ கதையில் ஒரு கறுப்பினக் குத்துச்சண்டை வீரரை மிக இழிவாக வரைந்தார். ஓ’டெல் ஏன் ஹோம்ஸையும் வாட்சனையும் கறுப்பினப் பெண்களாக எழுதினார் என்று கேட்பவர்கள் இந்த மூன்று கதைகளையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும்.

கதையைவிட டாயிலின் வாழ்க்கையில் நடந்தது இன்னும் தெளிவான சான்று. பம்பாயிலிருந்து சென்று இங்கிலாந்தில் கிறிஸ்தவப் பாதிரியாராக இருந்த பார்சி இனத்தவர் ஷாபுர்ஜி எதல்ஜி. அவருடைய மகன் ஜார்ஜ் எதல்ஜி வழக்குரைஞர். கிராமத்துக் கால்நடைகளை இரவில் கத்தியால் கிழித்ததாக 1903-இல் அவருக்கு ஏழாண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. மூன்றாண்டு கழித்து விடுதலையான அவரைச் சந்திக்கச் சென்ற டாயில், அவர் செய்தித்தாளைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் படிப்பதைப் பார்த்தார். கண்மருத்துவம் படித்தவர் என்பதால், இத்தனை மங்கிய பார்வையோடு ஒருவர் இருட்டில் வயல்களைக் கடந்து அந்த வேலையைச் செய்திருக்க முடியாது என்று அவருக்கு உடனே விளங்கியது. 1907 ஜனவரியில் ‘டெய்லி டெலிகிராஃப்’ இதழில் விளக்கி எழுதினார். அப்பட்டமான ஹோம்ஸ் முறை. அரசு என்ன செய்தது? ஒரு குழு அமைத்தது. எதல்ஜிக்கு மன்னிப்பு அளித்தது. ஆனால் அந்தக் கால்நடை வழக்கை ஒட்டி வந்த மிரட்டல் கடிதங்களை எழுதியது அவர்தான் என்று சொல்லி, இழப்பீடு ஒரு பென்னிகூடத் தர மறுத்தது. ஹோம்ஸைப் படைத்தவரே நேரில் வந்து கடைசி அத்தியாயத்தை வாசித்தும், கேட்டவர்கள் தோலின் நிறத்தைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இங்கிலாந்தில் அதே ஆண்டு அமைந்ததற்கு இந்த வழக்கும் ஒரு தூண்டுதல் என்பது உண்மை. எதல்ஜிக்கு அது முழு நீதி தரவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது ஹாலிவுட் கண்டுபிடித்த வழி எளியது. யூனிவர்சல் நிறுவனம் 1942 முதல் பேசில் ராத்போனை ஹோம்ஸாக வைத்து எடுத்த 12 படங்களில் முதல் மூன்றில் ஹோம்ஸ் நாஜி உளவாளிகளைப் பிடிக்கிறார். பகை வெளியே இருக்கும்போது உள்ளே பிளவு தெரியாது. சோவியத் யூனியனில் இதற்கு நேர்மாறாக நடந்தது. வாசிலி லிவானோவ் ஹோம்ஸாக நடித்த புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடர் 1980-இல் ஒளிபரப்பாவதற்குச் சற்றுமுன் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்துவிட்டதால், வாட்சன் எங்கிருந்து வந்தார் என்ற அந்தப் பிரபலமான இடத்தில் நாட்டின் பெயரையே எடுத்துவிட்டார்கள். நூறாண்டுப் பழைய கதையின் ஒரு சொல்லைக்கூட அரசால் தாங்க முடியவில்லை.

ஹோம்ஸை அரசியலுக்குள் துணிந்து இறக்கியவர்களில் இருவரைச் சொல்லியாக வேண்டும். திபெத்திய அகதியான ஜம்யாங் நோர்பு, நேபாளத்தின் முஸ்டாங்கில் திபெத்தியக் கெரில்லாப் படையில் இருந்தவர். ஹோம்ஸ் காணாமல்போன ஆண்டுகளில் திபெத்தில் திரிந்ததாக டாயில் எழுதிய ஒரு வரியைப் பற்றிக்கொண்டு, 1999-இல் ‘தி மண்டாலா ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்’ நாவலை எழுதினார். கதையைச் சொல்பவர் கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலிலிருந்து வரும் ஹரி சந்தர் முகர்ஜி என்ற வங்காளி. பேரரசின் பாத்திரங்கள் இரண்டைக் கொண்டே, பேரரசு கைவிட்ட ஒரு நாட்டின் வழக்கை வாதாடுகிறார் நோர்பு. மைக்கேல் ஷேபன் 2004-இல் நூலாக வெளியிட்ட ‘தி ஃபைனல் சொல்யூஷன்’ குறுநாவலில் 1944-ஆம் ஆண்டு, தேனீ வளர்க்கும் ஒரு முதியவர், பெயர் சொல்லப்படாத ஹோம்ஸ், பேசாத யூத அகதிச் சிறுவனின் காணாமல்போன கிளியைத் தேடுகிறார். கிளி ஜெர்மன் மொழியில் எண்களை ஒப்பிக்கிறது. கிளி கிடைத்துவிடுகிறது. அந்த எண்கள் எதைக் குறித்தன என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை புலப்படுவதில்லை. வாசகருக்குப் புரிகிறது. ஹோம்ஸின் அறிவு நிற்கும் எல்லையை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய வேறு படைப்பு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஓ’டெல்லின் உண்மையான முன்னோர்கள் ஹோம்ஸ் மறுபடைப்புகளில் இல்லை, ஹார்லெமில் இருக்கிறார்கள். மருத்துவரான ரூடால்ஃப் ஃபிஷர் 1932-இல் எழுதிய ‘தி கஞ்சர்-மேன் டைஸ்’ நாவலில் கொலை நடக்கிறது. கறுப்பினக் காவல் அதிகாரியும் கறுப்பின மருத்துவரும் சேர்ந்து துப்பறிகிறார்கள். கூர்மையான ஊகங்கள் மருத்துவருடையவை. வாட்சனை ஹோம்ஸின் நாற்காலிக்கு நகர்த்தும் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது. செஸ்டர் ஹைம்ஸ் அதை இன்னும் கடுமையான இடத்துக்குக் கொண்டுபோனார். ஆயுதக் கொள்ளைக்காக ஒஹாயோ சிறையில் இருந்தபோது எழுதத் தொடங்கியவர், 1953-இல் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தவர். அவருடைய காஃபின் எட், கிரேவ் டிக்கர் என்ற இரு கறுப்பினத் துப்பறியும் காவலர்கள் 1957 முதல் ஹார்லெம் தெருக்களில் வழக்குகளை முடித்துவந்தார்கள். 1969-இல் வந்த ‘பிளைண்ட் மேன் வித் எ பிஸ்டல்’ நாவலில் வழக்கு முடிவதில்லை. கொலையாளி யார் என்பது தெருவில் மூண்டுவிட்ட கலவரத்துக்குள் காணாமல் போகிறது. கண் தெரியாத ஒருவர் துப்பாக்கியால் சுடுவதோடு நூல் நிற்கிறது. அதற்கடுத்து ‘பிளான் பி’ என்று ஒரு நாவலைத் தொடங்கினார். அமெரிக்காவில் இனப்போர் வெடிக்கிறது. எந்தப் பக்கம் நிற்பது என்பதில், நெடுநாள் நண்பர்களான அந்த இரு காவலர்களும் பிரிகிறார்கள். கிரேவ் டிக்கர் காஃபின் எட்டைச் சுட்டுக்கொல்கிறார். பிறகு அவரும் கொல்லப்படுகிறார். ஹைம்ஸ் அந்த நாவலை முடிக்கவில்லை; 1984-இல் இறந்துபோனார்.

இந்தக் கேள்விக்கு எழுதப்பட்ட மிக நேரான பதில் இதுவே என்று நினைக்கிறேன். நாடு இரண்டானால் துப்பறியும் ஜோடியும் இரண்டாகும். ஒருவர் மற்றவரைச் சுடுவார். கதையை முடிக்க எழுத்தாளராலேயே முடியாமல் போகும். இதற்கு ஈடான இருட்டை 2016-இல் பென் வின்டர்ஸ் ‘அண்டர்கிரவுண்ட் ஏர்லைன்ஸ்’ நாவலில் காட்டினார். உள்நாட்டுப் போரே நடக்காமல், நான்கு மாநிலங்களில் அடிமைமுறை இன்றும் தொடரும் அமெரிக்கா அது. தப்பியோடும் அடிமைகளைத் தேடிப் பிடிப்பவர் ஒரு கறுப்பினத்தவர். தடயம் படிப்பது, வேடம் போடுவது, பொய்யைக் கண்டுபிடிப்பது என்று ஹோம்ஸின் திறமைகள் அத்தனையும் அவரிடம் உண்டு. அவை யாருக்கு வேலை செய்கின்றன என்பதுதான் நடுங்க வைக்கிறது. மறு ஆண்டு ஓமர் எல் அக்காத் எழுதிய ‘அமெரிக்கன் வார்’ இரண்டாம் உள்நாட்டுப் போரை 2074-இல் தொடங்கவைத்தது. துப்பறியும் கதை அல்ல என்றாலும், அகதி முகாமின் புழுதியை அதில் உணரலாம்.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ‘எ ஸ்டடி இன் ஹானர்’ நூலின் பலமும் பலவீனமும் தெளிவாகின்றன. வாட்சன் பலம். கனவில் வரும் போர், கூட்டத்தில் படபடக்கும் நெஞ்சு, தன் கையாலேயே தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாத எரிச்சல், தெருவில் தன்னைத் திரும்பிப் பார்க்கும் வெள்ளைக் கண்கள் எல்லாமே அவசரமில்லாமல் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு நாட்டின் பிளவு தலைவர்களின் உரைகளில் அல்லாமல் ஒரு பெண்ணின் தோள்மூட்டில் வலிக்கிறது. அதனால் நாவலின் முதல் பாதி மிக உயர்ந்தது.

ஹோம்ஸ் பலவீனம். சேரா ஹோம்ஸ் உடலுக்குள் பதித்த கருவிகளால் தகவல் வலைப்பின்னல்களோடு இணைந்திருக்கிறார். டாயிலின் ஹோம்ஸ் சேற்றுக் கறையையும் கைவிரல் தடிப்பையும் பார்த்து ஊகித்தபோது, அதே கறையை நாமும் பார்த்தோம், நமக்குத் தோன்றவில்லை. சேரா அறிவது நம்மால் பார்க்க முடியாத இடத்திலிருந்து வருகிறது. அதனால் வியப்பு குறைகிறது, பிற்பகுதியில் மருந்து நிறுவனச் சதியை அவிழ்க்கும் ஓட்டமும் வேகமாக இருக்கிறதே தவிர ஆழமாக இல்லை. இன்னும் முக்கியமான குறை, சேரா அரசின் ரகசிய முகவர். பேக்கர் தெரு ஹோம்ஸ் அரசுக்கு உதவியிருக்கிறார், ஆனால் சம்பளத்துக்கு இருந்ததில்லை. குற்றவாளியைத் தானே மன்னித்து அனுப்பும் சுதந்திரமும் அவருக்கு இருந்தது. பிளவுபட்ட நாட்டில் இந்த வெளியாள் நிலைதான் விலைமதிப்பற்றது. ஓ’டெல் அதை விட்டுக்கொடுத்துவிட்டார். 2019-இல் வந்த ‘தி ஹவுண்ட் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்ற இரண்டாம் நூல் இருவரையும் எதிர்த்தரப்பின் மண்ணுக்குள் அனுப்புவது நல்ல துணிவு. ஆனால் அங்கே துப்பறியும் கதை மெல்ல விலகி உளவுக் கதையாகிவிடுகிறது. எதிரியின் மண்ணில் நீதிமன்றம் கிடையாது. தப்பிப்பது மட்டுமே உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். கிளேர் ஓ’டெல் என்பது பெத் பெர்னோபிச் என்ற எழுத்தாளரின் புனைபெயர். அவர் வெள்ளையினத்தவர். கறுப்பினப் பெண்ணின் தன்மை ஒருமையில் அவர் எழுதலாமா என்பது நியாயமான கேள்வி. எழுதக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஃபிஷரும் ஹைம்ஸும் வால்டர் மோஸ்லியும் தோண்டிய கிணற்றில் நீர் இறைக்கிறோம் என்ற நினைவு வாசகருக்கு இருக்க வேண்டும். மோஸ்லியின் ஈஸி ராலின்ஸ், 1990-இல் வந்த ‘டெவில் இன் எ ப்ளூ டிரஸ்’ நாவலில் அறிமுகமானவர், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய கறுப்பின வீரர். வேலை பறிபோய், வீட்டுக் கடன் கட்டப் பணமில்லாமல்தான் துப்பறியத் தொடங்குகிறார். டாயிலின் வாட்சனுக்கும் ஜேனட் வாட்சனுக்கும் நடுவே நிற்பவர் அவர். இதைச் சொல்லாமல் ஓ’டெல்லைப் புதுமை என்று மட்டும் புகழ்வது சரியல்ல.

அவருடைய முதல் நூலுக்கு 2019-இல் பெண் தற்பாலினர் மர்மப் புனைவுக்கான லாம்ப்டா இலக்கிய விருது கிடைத்தது. தகுந்த விருது. துப்பறியும் வடிவம் பிளவுபட்ட நாட்டில் பிழைக்குமா என்ற கேள்விக்கு ஹைம்ஸ் ‘பிழைக்காது’ என்றார். ஓ’டெல் ‘காயத்தோடு பிழைக்கும்’ என்று சொல்ல முயன்று, வாட்சனில் வென்று ஹோம்ஸில் தோற்றிருக்கிறார். இந்த வரிசையில் ஒரே நூலுக்குத்தான் நேரம் உண்டு என்பவர்கள் ‘பிளைண்ட் மேன் வித் எ பிஸ்டல்’ படியுங்கள். இரண்டுக்கு நேரம் இருந்தால் ‘எ ஸ்டடி இன் ஹானர்’ நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் டாயிலின் முதல் நாவலின் முதல் அத்தியாயத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.